அத்தானின் ஆசையும் அக்காவின் விசாவும்

என் அக்காவுக்கு வெளிநாடு போகும் ஆசை என்றைக்குமே இருந்ததில்லை. அந்த ஆசை முழுக்க முழுக்க அத்தானுடையது. ஆனால் விசா வாங்கும் தகுதி அக்காவிடம் இருந்தது. ஆசை ஒருவரிடமும் தகுதி இன்னொருவரிடமும் போய் மாட்டிக்கொண்டதில் அந்த வீட்டில் என்னென்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கீழ் வீட்டில் குடியிருந்த தங்கை நான். பாதி என் கண் முன்னாலேயே நடந்தது. மீதியை இரண்டு பேரும் தனித்தனியாக இறங்கி வந்து, மற்றவரிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அத்தான் ஒரு காப்பீட்டு நிறுவனக் கிளையில் நிர்வாக மேலாளர். ஊழியர்களின் விடுப்பு, ஓடாத மின்விசிறி, உடைந்த நாற்காலி எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வந்து சேரும். நல்ல ஆங்கிலம் பேசுவார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அலுவலகத்தில் அவருக்கு 'ஏர்போர்ட்' என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஏதாவது ஒரு விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. அத்தனைக்கும் அவர் அதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை.

அக்கா பல் செய்பவள். இப்படிச் சொன்னால் உடனே "பல் டாக்டரா?" என்பார்கள். டாக்டர் அச்சு எடுப்பார், பல் வந்ததும் பொருத்துவார். நடுவில் அந்தப் பல்லை உண்டாக்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் அக்கா. எழுதுபொருள் கடை ஒன்றின் மாடியில் இருந்த லேபில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் ஜிப்சம் கரைசலை ஊற்றி வாயின் வார்ப்பை எடுப்பாள். மெழுகை உருக்கிச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பல்லின் உருவத்தைக் கொண்டுவருவாள். கடைசியில் பீங்கான் பொடியைக் குழைத்து, மயிர் போன்ற தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசிச் சூளையில் சுடுவாள். வெளியே வரும் பல்லில் ஈறுப் பக்கம் ஒரு மஞ்சள், நுனிப் பக்கம் ஒரு கண்ணாடித்தனம் எல்லாம் அப்படியே இருக்கும். அவளைச் சினிமாவுக்கு அழைத்துப் போனால் வம்பு. கதாநாயகன் தேம்பித் தேம்பி அழும் இடத்தில், "மேல் வரிசை நாலும் புதுசுடி" என்று என் காதில் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை காலை அத்தான் எங்களை விசா ஆலோசனை அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். எனக்கு அன்றைக்கு மருந்துக் கடையில் விடுமுறை. வேடிக்கை பார்க்கப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். முன்னறையில் நீல நாற்காலிகள், ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்த தண்ணீர் இயந்திரம், சுவர் முழுக்கக் கொடிகள். அத்தான் அந்தக் கொடிகளை நகைக்கடைக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆலோசகர் ஓர் இளம்பெண். கண்ணாடி போட்டவர். இல்லாததை இருப்பதாகச் சொல்லி ஆள் பிடிக்கும் ரகமில்லை என்பது அவர் பேச ஆரம்பித்ததுமே தெரிந்தது.

"வழி நாலு இருக்கு சார். முதல்ல பாயிண்ட் விசா. வயசு, படிப்பு, அனுபவம், இங்கிலீஷ் எல்லாத்துக்கும் மார்க் போடுவாங்க. மார்க் தேறிட்டா யார் தயவும் வேண்டாம், போய்ப் பிடிச்ச வேலையைப் பாக்கலாம். ஆனா வரிசை ரொம்ப நீளம். அடுத்தது ஸ்பான்சர் விசா. அங்க இருக்கற ஒரு முதலாளி 'இந்த ஆள் எனக்கு வேணும்'னு கையெழுத்துப் போடணும். சீக்கிரம் நடக்கும். ஆனா அந்த முதலாளிகிட்டதான் வேலை பாக்கணும். அப்புறம், வேலை தேடற விசா. போய் இறங்கித் தேடிக்கலாம். கெடுவுக்குள்ள கிடைக்கலன்னா மூட்டையைக் கட்டணும். கடைசியா, படிக்கப் போறது."

"படிச்சதே போதும்மா. நீங்க மார்க்கைப் போட்டுப் பாருங்க" என்றார் அத்தான்.

அந்தப் பெண் கேட்கக் கேட்க அத்தான் சொன்னார். விசைப்பலகையில் ஒவ்வொரு தட்டு விழும்போதும் அவர் நாற்காலியில் ஓர் அங்குலம் முன்னால் வந்தார். கடைசித் தட்டு விழுந்தபோது நாற்காலியின் விளிம்பில் இருந்தார்.

"வயசுல கொஞ்சம் அடிபடுது சார். அதைவிட, பொது நிர்வாகம்ங்கறது எந்த ஊர்லயும் பற்றாக்குறைத் தொழில் இல்ல. மேனேஜருங்க எல்லா நாட்டுலயும் வேண்டிய அளவு இருக்காங்க."

அத்தான் மெல்லப் பின்னால் சாய்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அக்கா இது எதையும் கவனிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் பல்லை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரங்களுக்கும் கொஞ்சம் மார்க் உண்டு. மேடம் என்ன பண்றீங்க?"

"நானா? பல்லு செய்றேன்."

"டென்டிஸ்டா?"

"இல்லம்மா. அவங்களுக்குச் செஞ்சு குடுக்கறது. டென்டல் டெக்னீஷியன்."

அந்தப் பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "டிப்ளமா இருக்கா?"

"இருக்கு. பரண்ல எங்கேயோ கிடக்கு."

"எவ்வளவு நாளா வேலை பாக்கறீங்க?"

"இவரைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

கொஞ்ச நேரம் தட்டல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அங்கே வரிசையாகத் தொழில்களின் பெயர்கள். ஒரு வரியில் பச்சை விழுந்திருந்தது.

"மேடம், உங்க தொழிலுக்கு நாலஞ்சு நாட்டுல ஆள் கிடைக்காம தேடிட்டு இருக்காங்க. நீங்க முதன்மை விண்ணப்பதாரரா போடுங்க. சார் டிபெண்டன்ட்டா கூடப் போகலாம்."

"டிபெண்டன்ட்டா? யாருக்கு?" என்றார் அத்தான்.

"உங்க மனைவிக்கு சார்."

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். தாகத்துக்கு இல்லை, சிரிப்பை விழுங்க.

படி இறங்கும்போதே அக்கா சொல்லிவிட்டாள். "எனக்கு எங்கேயும் போக வேணாங்க."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா உங்களுக்கும் வாய் வலிக்காது பாருங்க."

அத்தான் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருந்தால் அக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும். சண்டை போட்டிருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அவரோ எப்போதும் போல எழுந்தார், குளித்தார், அலுவலகம் போனார், வந்து துணி தேய்த்தார். விமான நிலையப் பேச்சு மட்டும் நின்றுபோனது. சாப்பாட்டு மேஜையில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. அக்கா இறங்கி வந்து என்னிடம் புலம்பினாள். "பேசாம இருந்தே என்னைக் கொல்றாருடி. மனுஷன் கேட்டுத் தொலைச்சா நானும் முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருப்பேன்ல?"

ஒரு மாலை நாங்கள் மூன்று பேரும் மொட்டைமாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை அக்கா கையில், மறுமுனை அத்தான் கையில். மடிப்பதற்காக நெருங்கி வந்தபோது அக்கா போர்வையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் என்னைக் கேக்கல?"

"எதை?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க."

அத்தானும் தன் முனையை விடவில்லை. "கேட்டா நீ சரின்னு சொல்லிடுவ. எனக்காகச் சொல்லுவ. அப்புறம் அங்க வந்து மூலையில உக்காந்து அழுவ. அதான் கேக்கல."

அக்கா எதிர்பார்த்த பதில் இதுவல்ல. போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள்.

"அப்படி அங்க போய் என்னதான் பண்ணணும் உங்களுக்கு? சம்பாதிக்கணுமா?"

"அதெல்லாம் இல்ல. சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல."

"எனக்கு இந்த ஊர்ல எல்லா வழியும் தெரியும். எந்தத் திருப்பத்துல எந்தக் கடை, எந்த நாய் கடிக்கும், எல்லாம் தெரியும். ஒரு தடவையாவது ஒண்ணுமே தெரியாத ஊர்ல போய் நின்னு, வழி தெரியாம முழிக்கணும். யார்கிட்டயாவது கேட்டுக் கேட்டு வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்."

சிரிக்கமாட்டேன் என்று சொன்ன அக்கா சிரித்த சிரிப்பில் போர்வை கை நழுவித் தரையில் விழுந்தது. திரும்பத் துவைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அன்றிரவு சாப்பிடும்போது அவளே பேச்செடுத்தாள்.

"ஒரு நிபந்தனை. நல்ல வெளிச்சம் வர்ற ஜன்னலோரம் எனக்கு மேஜை வேணும். பல்லை நான் என் கையால செய்யணும். அப்படி ஒரு லேப் கிடைச்சா வரேன். இல்லன்னா நீங்க இங்கயே ஏதாவது தெருவுல கண்ணைக் கட்டிக்கிட்டு முழிங்க."

அதற்குப் பிறகு வீடு ஒரு தேர்வுக்கூடமாக மாறியது. பரணில் இருந்து டிப்ளமா இறங்கியது. லேப் முதலாளி அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது, "உன்னை அனுப்பி வைக்க நானே கையெழுத்துப் போடணுமாக்கும்" என்று பல்லைக் கடித்தார். அதுவும் அக்கா செய்து கொடுத்த பல்தான்.

இதற்கிடையில் அத்தானின் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு தரகர் வந்தார். எதற்கு இத்தனை காகிதம், சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டால் வேலை தானாக வரும், அங்கே யார் வாயைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். அத்தானின் கண்ணில் ஒரு நொடி ஆசை மின்னியதை நான் பார்த்தேன். அக்கா தரகருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள். "என் வேலையில மத்தவங்க வாய்க்குள்ள பாக்கறதுதாங்க முக்கியம். ஒளிஞ்சு நின்னு செய்யற வேலை எனக்கு ஒத்து வராது." அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்தது ஆங்கிலத் தேர்வு. அக்காவுக்கு வாசிக்க வரும், எழுதவும் வரும். பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அத்தான் தினமும் அவளைச் சமையலறையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். இலக்கணம் தவறினால் அவர் மேஜையைத் தட்டுவார். ஒரு வாரத்தில் அவள் கத்தியை மேஜையில் குத்தி வைத்துவிட்டு, "இன்னொரு தடவை தட்டினா டிபெண்டன்ட்டை மாத்திடுவேன்" என்றாள். அதோடு தட்டுவது நின்றது.

பேச்சுத் தேர்வில் அவளிடம், 'உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை விவரியுங்கள்' என்று சொன்னார்களாம். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒரு பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு எப்படிப் பொருத்துவது, ஏன் மின்விளக்கில் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சம் ஏன் வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசியிருக்கிறாள். பேசிக்கொண்டே இருந்தவள், ஓர் உதாரணம் வேண்டுமே என்று, தேர்வாளரின் முன்பல்லைக் காட்டி, "அது உங்களுடையது இல்லை, அரைச் சாயல் வெளுத்துவிட்டது" என்றும் சொல்லிவிட்டாள். வெளியே வந்து, "போச்சுடி, அந்த ஆள் அதுக்கப்புறம் வாயைப் பொத்திக்கிட்டேதான் பேசினார்" என்று அழாத குறையாக நின்றாள். பேச்சில்தான் அவளுக்கு அதிக மதிப்பெண் வந்தது.

வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களுக்கு முதலில் பதில் போட்டது ஒரு பெரிய லேப். கணினியில் நேர்காணல். அத்தான் பக்கத்து அறையில் கதவோடு காதை வைத்து நின்றார். நான் அவரோடு நின்றேன். அந்த மேலாளர் நன்றாகத்தான் பேசினார். பல்லைக் கணினி வரையும், இயந்திரம் குடையும், அக்கா திரையில் சரிபார்த்தால் போதும், ஸ்பான்சர் விசாவுக்கு உடனே ஏற்பாடு செய்கிறோம் என்றார். அத்தான் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அப்போ கையால செய்யறது?" என்று அக்கா ஆங்கிலத்தில் கேட்டாள்.

இங்கே யாரும் கையால் செய்வதில்லை என்றார் அவர்.

"மன்னிக்கணும். எனக்கு இந்த வேலை வேண்டாம். உங்க நேரத்துக்கு நன்றி."

அத்தான் என் கையை விட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

"தொண்டை காஞ்சிருக்கும், குடி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது அழைப்பு வர நாளாயிற்று. அது நடுத்தரமான ஒரு நகரத்தில் இருந்த சிறிய லேப். நடத்துபவர் ஓர் அம்மா; நரைத்த முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தார். படிப்பு, அனுபவம் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் மெழுகு இருக்கிறதா, ஒரு கடைவாய்ப்பல்லைச் செய்து காட்டு என்றார். அக்கா கருவியைச் சுடவைத்து ஆரம்பித்தாள். பாதியில் அந்த அம்மா, "நில், அந்தப் பள்ளத்தை எப்படி எடுத்தாய்?" என்று கேட்டார். அக்கா கேமராவுக்கு அருகில் கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு அந்த அம்மா தன் மேஜையில் இருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். அது நேர்காணல் என்பதே இருவருக்கும் மறந்துபோனது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்குக் கால் வலித்து, நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

கடைசியில் அந்த அம்மா, "நீ ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்.

"ஜன்னல் இருக்கா?"

அவர் கணினியைத் தூக்கித் திருப்பினார். உயரமான ஜன்னல், அதன் கீழே ஒரு மரமேஜை, வெளியே ஈரமான செங்கல் சுவரும் ஒரு மரமும். அக்கா திரும்பி, கதவைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். "ஒட்டுக் கேட்டது போதும், வந்து பாருங்க!"

ஆலோசகரிடம் மறுபடி போனோம். அவர் பச்சைக்கொடி காட்டுவதற்கு முன்னால் இரண்டு முறை எச்சரித்தார். "பாயிண்ட் விசாவுக்கும் மேடத்துக்கு மார்க் தேறும். அதுல போனா யாருக்கும் கட்டுப்பட வேண்டாம், ஆனா காத்திருக்கணும். ஸ்பான்சர்ல போனா அந்த ஒரே லேப்தான். அவங்க மூடிட்டாலோ ஒத்துப்போகலன்னாலோ வேற ஸ்பான்சர் தேடணும். கொஞ்ச வருஷம் ஒழுங்கா இருந்தா நிரந்தரமா தங்கறதுக்கும் விண்ணப்பிக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"அந்தம்மா என்னை மாதிரியே கிறுக்கு. ஒத்துப்போகும்" என்றாள் அக்கா.

எல்லாம் கூடி வந்தபோதுதான் அடி விழுந்தது. விசாவுக்கு மருத்துவச் சோதனை உண்டு, டிபெண்டன்ட்டுக்கும் சேர்த்துத்தான். அக்காவுக்கு ஒன்றுமில்லை. அத்தானின் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பக்கம் ஒரு தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் ஏதாவது நோய் இருந்ததா என்று கேட்டார்கள். நெஞ்சுச் சளி என்று சொல்லி ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தது அவருக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. அது காசநோயாக இருந்திருக்கலாம், ஆறிய தழும்பாகவும் இருக்கலாம், ஆனால் கிருமி இல்லை என்று உறுதியாகும் வரை விசா நகராது என்றார்கள். சளியை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. வாரக்கணக்கில் ஆகும். கிருமி இருந்தால் முழு வைத்தியமும் முடிய வேண்டும்.

அத்தான் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, நான் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை கசங்கியிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"சின்னவளே, உன் அக்காகிட்ட நீ சொல்லு. என் பேரை எடுத்துடச் சொல்லு. அவ மட்டும் முதல்ல போகட்டும். அந்தம்மா எத்தனை நாளைக்கு மேஜையைக் காலியா வெச்சிருப்பாங்க? என்னால அது கெடக் கூடாது."

நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்கா படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தவள் முகம் சிவந்திருந்தது.

"இது யாரோட ஆசைங்க? உங்க ஆசையைத் தூக்கிக்கிட்டு நான் தனியாப் போகணுமா? அங்க வழி தெரியாம முழிக்கறது யாரு, நானா?"

"அதுக்கில்ல..."

"எதுக்கும் இல்ல. போனா ரெண்டு பேரும் போறோம். இல்லன்னா ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம். முதல்ல நல்லா இருமிச் சளியைக் குடுங்க. அந்த வேலையை ஒழுங்காப் பாருங்க."

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மூவருமே பயந்துபோனோம், பிறகு தேநீர் புரையேறியதுதான் என்று தெரிந்தது.

அக்கா அந்த அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். எங்கே வேலை போய்விடுமோ என்று நான் பயந்தேன். பதில் மறுநாளே வந்தது: இங்கே பல் இல்லாதவர்கள் யாரும் ஓடிப்போய்விட மாட்டார்கள், நிதானமாக வா, உன் கணவருக்கு நன்றாகச் சாப்பாடு போடு.

காத்திருந்த அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் மேலே போனேன். அக்கா தன் தூரிகைகளை ஒவ்வொன்றாகக் கழுவி, மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குற்றம் செய்தவள் போல அதை மறைத்தாள். பிறகு தானே சொன்னாள். "எனக்கே இப்ப போகணும் போல இருக்குடி. அந்த ஜன்னல் கண்ணுலயே நிக்குது. ஆனா அதை அவர்கிட்ட சொன்னா, தன்னால கெட்டுப்போச்சேன்னு இன்னும் உடைஞ்சு போவார். நீயும் சொல்லாதே." நான் சொல்லவில்லை.

ஆலோசகர்தான் முதலில் போன் செய்தார். எப்போதும் அளந்து பேசுகிற பெண், அன்றைக்கு ஹலோ சொல்வதற்கு முன்பே, "சார், கிருமி இல்ல, வெறும் தழும்புதான்!" என்று கத்தியது கூடம் வரைக்கும் கேட்டது. அத்தான் போனை வைத்துவிட்டு, நேராகப் போய்த் துணி தேய்க்க ஆரம்பித்தார். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அக்கா போய் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே அத்தானிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பின்னால் காற்றும் வண்டிச் சத்தமும். "சின்னவளே, நான் தொலைஞ்சுட்டேன்!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பால் வாங்கப் போனவர் பூங்காவைச் சுற்றி எங்கேயோ போய்விட்டாராம். ஒரு தபால்காரரிடமும் நாயோடு வந்த ஒரு முதியவரிடமும் வழி கேட்டு வீடு வந்து சேர்ந்தார். பால் வாங்க மறந்துவிட்டார்.

ஆனால் அந்தக் குதூகலம் ரொம்ப நாள் நிற்கவில்லை. டிபெண்டன்ட் விசாவில் அவர் வேலை பார்க்கலாம், தடை இல்லை. வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் 'உள்ளூர் அனுபவம் இல்லை' என்றே பதில் வந்தது. அக்கா காலையில் போய்விடுவாள். அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். வீடியோவில் பேசும்போது அவர் சமைத்ததைக் காட்டுவார். அதைப் பார்த்தால் அவர் மனநிலை தெரிந்துவிடும். "உன் அக்கா அங்க செல்லப்பிள்ளை. நான்தான் இங்க சும்மா இருக்கேன்" என்று ஒரு நாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

திருப்பம் பேருந்தில் வந்தது. அவர் தினமும் பொழுதுபோகாமல் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவார். ஒரு நாள் ஓட்டுநருக்குப் பின்னால், 'ஓட்டுநர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம்' என்ற அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "மேனேஜரா இருந்தவன் பஸ் ஓட்டினா உனக்கு ஒரு மாதிரி இருக்குமா?"

"எனக்கென்ன? பிரேக்கைப் பாத்துப் போடுங்க. முன்னாடி சீட்டுல இடிச்சு எவன் பல்லாவது போச்சுன்னா எங்க லேபுக்குத்தான் வரும், ஏற்கெனவே வேலை தலைக்கு மேல இருக்கு" என்றாளாம் அக்கா.

பயிற்சியில் முதல் தடவை தோற்றார். வளைவில் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிட்டது. இரண்டாம் தடவை தேறினார். சீருடைச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் நிமிர்ந்து வந்து நின்றார்; மேலாளராகப் பதவி உயர்வு கிடைத்த நாளில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

போன கோடையில் நான் சுற்றுலா விசாவில் அவர்களைப் பார்க்கப் போனேன். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அப்போதுதான் கிடைத்திருந்தது. இனி அக்கா எந்த லேபில் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். வேறு இரண்டு இடங்களில் கூப்பிட்டும் இருக்கிறார்கள். அவள் அதே மேஜையில்தான் இருக்கிறாள். நான் போனபோது அந்த அம்மாவும் அவளும் ஒரு முன்பல்லின் நிறத்தைப் பற்றி முகம் சுளித்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைதான். ஓரமாக உட்கார்ந்து அந்த வாதம் முடியும்வரை இருந்தேன். கடைசியில் அக்கா விட்டுக்கொடுத்தாள். பிறகு அந்த அம்மா தன் நிறத்தை வைத்துப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அக்காவின் நிறத்தை எடுத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நானும் அக்காவும் கடைக்குப் போக அத்தானின் பேருந்தில் ஏறினோம். ஓட்டும்போது பயணிகளோடு அரட்டை அடிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அக்கா வேண்டுமென்றே நடுவில் போய் உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்தால் இவர் பேசாமல் இருக்கமாட்டாராம். அத்தான் நேராகப் பார்த்து ஓட்டினார். கைத்தடி ஊன்றிய ஒருவர் ஏறி உட்காரும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். மூட்டையோடு ஏறிய ஒரு பெண் ஏதோ தெருப்பெயரைச் சொல்லிக் கேட்க, எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னார்.

எங்கள் நிறுத்தம் வந்தது. அங்கே இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். நாங்களும் வரிசையில் நின்று நன்றி சொல்லி இறங்கினோம். அவரும் முன்பின் தெரியாதவர் போல மரியாதையாகத் தலையசைத்தார். வண்டி போனதும் அக்காவும் நானும் நடைபாதையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவர் காலணியைக் கூடக் கழற்றவில்லை.

"எல்லாரும் என் முகத்தைப் பாத்து நன்றி சொன்னாங்க. உன் அக்கா மட்டும் என் பல்லைப் பாத்துச் சொல்றா."

"காலையில ஒழுங்காத் தேய்ச்சீங்களான்னு பாத்தேன்" என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடி.